ஆட்டுக்குப் பின்னால் போகிறவர்

அத்தியாயம் 9

ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பழைய நீவா கார் ஒரு தடவை இருமியது. அதற்குத் துணையாக இஷென்பாயும் இருமினார்.

"உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்ல படுக்கப் போறீங்கன்னு பந்தயம் வெச்சுக்கலாமா அண்ணே?" என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த சிர்கா. "நான் உங்க பக்கம்தான் கட்டுவேன்."

"ரோட்டைப் பாரு."

"ரோடு எங்கன்னு காட்டுங்க. பாக்கறேன்."

இஷென்பாய் கண்களை மூடிக்கொண்டார். சுகாதார நிதியின் விசாரணைப் பிரிவு என்று நரின் நகரத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. பலகைக்குப் பின்னால் இருந்ததெல்லாம் அவர், சிர்கா, இந்தக் கார். கட்டாமலே திறந்த மருந்தகம், சக்கரம் இல்லாமலே ஓடிய ஆம்புலன்ஸ் என்று என்னென்னவோ தேடியிருக்கிறார். கண்டும் பிடித்திருக்கிறார். கண்டுபிடித்த பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிப்பதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டார். அதில் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

பின் சீட்டு முழுவதையும் ஒரே ஆள் நிரப்பியிருந்தார். மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் துணைத் தலைவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வெள்ளைக் கல்பக் தொப்பி. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முதல் டாக்டர் வரை அவரை 'கோகே' என்றுதான் அழைத்தார்கள். இஷென்பாய்க்கும் அப்படித்தான் அறிமுகம் செய்து வைத்தார்கள்.

"பேரோட தலையைக் கிள்ளி, கடைசில ஒரு 'கே' ஒட்டிட்டா பெரிய மனுஷன் ஆயிடலாம்," என்றாள் சிர்கா. "அண்ணனை இஷெகேங்கறாங்க. உங்களை கோகேங்கறாங்க. எனக்கு ஒட்டினா 'சிர்கே'ன்னு வரும். ஊறுகாய்ல ஊத்தற காடி."

"பொருத்தமாத்தான் இருக்கு," என்றார் இஷென்பாய், கண்ணைத் திறக்காமலே.

கோகே சிரிக்கவில்லை. "நாளைக்குக் கமிட்டி கூடுதே, அதுக்கு முன்னாடி எதுக்கு இந்த அலைச்சல் இஷெகே? தலைநகர்ல இருந்து வந்த ஆள்தான் எல்லாம் விசாரிச்சு முடிச்சிட்டாரே."

"என்ன முடிச்சாரு?"

"கோய்ச்சு. அதான், ஆட்டுக்காரப் பயலுங்க வேலைன்னு. அரசாங்கம் இந்த மலைக்கு எத்தனை செஞ்சிருக்கு! தடுப்பூசியைக் கெடாம வைக்க, வெயில்லயே ஓடற குளிர்ப்பெட்டி. அதுக்குச் சூரியத் தகடு. எல்லாத்தையும் தூக்கிட்டானுங்க. குடுத்ததைக் காப்பாத்தத் தெரியாதவங்களுக்கு இன்னும் எதுக்குக் குடுக்கணும்? நாளைக்கு கரா-கியா நிலையத்தை மூடறாங்க, அந்த நிதி வேற பள்ளத்தாக்குக்குப் போயிடும். எனக்கும் வருத்தம்தான்."

வருத்தப்படுகிற குரலாக அது இல்லை. ஆனால் வருத்தமான குரல்களைக் கேட்டு இஷென்பாய் பல நாள் ஆகியிருந்தது.

"நீங்க மேல போயிருக்கீங்களா?"

"நானா? இந்த மலைக்கே இதான் முதல் தடவை. மேல ஒரு ஈ காக்கா தெரியாது."

"சரியாப் போச்சு," என்றாள் சிர்கா. "எங்களுக்கு வழிகாட்ட வந்தவரு நீங்கதானே?"

பாதை இரண்டாகப் பிரிந்தது. "வலது பக்கம்," என்றார் கோகே.

*

ஏரிக்கரையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் கூடாரங்கள் வரிசையாக நின்றன. மின்கம்பம் கடைசியாகக் கண்ணில் பட்டது அடிவாரத்தில். கோகே முட்டியைத் தடவிக்கொண்டே இறங்கினார். திரும்பும்போது முட்டி நினைவில்லாமல் நடந்துவந்தார், கையில் மூன்று பீர் பாட்டில்கள்.

"இங்க இருக்கறவங்க தெரிஞ்சவங்க. ஓடையில போட்டு வெச்சிருந்தாங்க. குடிங்க இஷெகே, முகமே வாடிக் கிடக்கு."

இஷென்பாய் குடிக்கவில்லை. டாக்டர் எதைத்தான் குடிக்க விட்டார்? பாட்டிலை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். மண்டைவலி சுருண்டு படுத்தது. பாட்டில் கிடைத்தால் லேபிளை நகத்தால் உரிப்பது அவருக்குக் கெட்ட பழக்கம். சுரண்டினார். வரவில்லை. இன்னொரு மூலையில் சுரண்டினார். நகம்தான் வலித்தது. இன்றைக்கு ஒரு லேபிள்கூட ஒத்துழைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டு, பாட்டிலை சீட்டுக்கடியில் உருட்டிவிட்டார்.

*

கரா-கியா மேய்ச்சல் வெளியில் கோடைக்கு ஊரே மேலேறி வந்திருந்தது. சரிவெங்கும் கம்பளிக் கூடாரங்கள், கட்டிப்போட்ட குட்டிக் குதிரைகள், சாணிப்புகை. நடுவில் ஒரு மண் அறை. அதுதான் சுகாதார நிலையம். கோகே காரிலேயே இருந்துகொண்டார்.

"முட்டி," என்றார். ஜன்னலையும் ஏற்றிவிட்டார்.

நிலையத்தின் ஒரே ஊழியர் ஸெய்னெப். நாற்பது வயதிருக்கும். வெளுத்த அங்கிக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு. அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"மறுபடியும் விசாரணையா? உட்காருங்க. டீ இருக்கு. சர்க்கரை இல்ல."

"எங்க இருந்துச்சு பெட்டி?"

மூலையைக் காட்டினாள். தரையில் சதுரமாக ஒரு சுத்தமான இடம். அதைச் சுற்றித் தூசி.

"அந்த இடத்தைப் பெருக்கக்கூட மனசு வரலை," என்றாள். "இப்ப ஊசி மருந்தைக் கீழ இருந்து ஐஸோட பிளாஸ்க்ல போட்டு, குதிரைல கொண்டாறேன். வெயிலைக் கண்டா ஐஸ் எனக்கு முன்னாடி இறங்கிடுது. போன தடவை கொண்டாந்தது கெட்டுப்போச்சு. கெட்டதைப் புள்ளைங்களுக்குக் குத்த முடியுமா? கொட்டிட்டேன். பக்கத்துப் பள்ளத்தாக்குல தட்டம்மை வந்தாச்சு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"நாளைக்கு மூடப் போறாங்களாமே?"

இஷென்பாய் டீயைப் பார்த்தார்.

"மூடினா நான் கீழ எதாவது ஆஸ்பத்திரில தரை துடைச்சாவது பொழைச்சுக்குவேன். இதுங்க எங்க போகும்?" வாசலில் புழுதியில் புரண்ட குழந்தைகளின் பக்கம் தாடையைக் காட்டினாள். "ஆட்டுக்காரங்கதான் திருடினாங்கன்னு எழுதிட்டாங்களாம். அவங்க புள்ளைங்களுக்கு வர்ற மருந்தை அவங்களே திருடுவாங்களா? ஊருக்கே அவமானமாப் போச்சு. ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கறதில்ல."

"யாரு பார்த்தது?"

"எதிர்க் கூடாரத்து ஷாயிர். அவ சொன்னதை வெச்சுத்தான் அப்படி எழுதினாங்களாம். வந்த அதிகாரிக்கு நம்ம பேச்சு வராது. கூட வந்த பையன்தான் அவருக்கு விளங்கற மாதிரி மாத்திச் சொன்னான். நான் ஷாயிர்கிட்ட கேட்டதுக்கு, 'அவங்ககிட்டயே சொல்லிட்டேன்க்கா'ன்னா. அதுக்கு மேல கேட்க நான் யாரு?"

*

ஷாயிர் சின்னப் பெண். கல்யாணமாகி இரண்டு குளிர்காலம்கூட ஆகியிருக்காது. தொட்டிலில் ஒரு குழந்தை மூக்கொழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளிகளுக்கு இரண்டு கிண்ணங்களில் புளித்த குதிரைப்பால், குமிஸ், ஊற்றி வைத்தாள்.

"பெட்டியை யாரும்மா எடுத்துட்டுப் போனது?" என்றார் இஷென்பாய்.

"அன்னைக்கு வந்தவங்ககிட்டயே சொன்னேனே!"

"எங்களுக்கும் ஒரு தடவை சொல்லும்மா. வயசாயிடுச்சு, மறந்துடுது."

ஷாயிர் முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். தலை குனிந்தது.

"ஆட்டுக்குப் பின்னால போறவங்க."

"எந்த ஆட்டுக்குப் பின்னாலக்கா?" என்றாள் சிர்கா. "இங்க ஆளைவிட ஆடுதானே ஜாஸ்தி."

இஷென்பாய் கையைத் தூக்கி அவளை அடக்கினார். கொட்டாவி ஒன்று பாதியில் நின்றது. "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"குதிரையைப் பார்க்கப் போயிருக்கார்."

"ஆட்டை யாரு பார்த்துக்கறா?"

"கூலிக்கு ஒருத்தன் இருக்கான்."

கூடாரத்தின் திறந்த வாசல் வழியே எதிர்ச் சரிவு தெரிந்தது. மந்தைக்குப் பின்னால் ஒருவன் கம்பைச் சுழற்றிக்கொண்டு போனான். இஷென்பாய் விரலை நீட்டினார். "அவன்தானா? என்ன வேலை பாக்கறான்?"

"ஆட்டுக்குப் பின்னால போறான்."

"அந்த வேலைக்கு ஒரே வார்த்தையில ஒரு பேரு உண்டில்ல?"

"உண்டு." ஷாயிர் தரையைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்களே சொல்லுங்க."

"கோய்ச்சு!" என்றாள் சிர்கா.

ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி ஷாயிரின் கை முக்காட்டுக்குப் போனது. காது மடல் சிவந்தது.

இஷென்பாய் குமிஸை ஒரே மடக்கில் குடித்தார். டாக்டர் பிறகு திட்டிக்கொள்ளட்டும். "காத்து வாங்கிட்டு வரோம்மா."

வெளியே வந்ததும் சிர்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே! எங்கப்பா வழித் தாத்தா பேரு தெமிர், இரும்புன்னு அர்த்தம். அதனால எங்கம்மா வாயில கடைசிவரைக்கும் இரும்புங்கற வார்த்தையே வந்ததில்ல. இரும்பு அடுப்பைக் 'கறுத்த அடுப்பு'ம்பாங்க. புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை வாயில வெச்சுக்கக் கூடாதாம். இவளும் அந்த ஜாதிதான்!"

"ம்."

"இவ சொன்னதை அந்தப் பையன் ஒழுங்குபடுத்தி 'கோய்ச்சு'ன்னு ஒரே வார்த்தையா மாத்திட்டான். நறுக்குனு இருக்கட்டும்னு நினைச்சிருப்பான். இப்ப ஊரே திருட்டு ஊராயிடுச்சு." சிர்கா சற்று நின்றாள். "ஆனா ஒண்ணு அண்ணே. நிஜ ஆட்டுக்காரனைச் சொல்லணும்னாலும் இவ அப்படித்தானே சொல்லியாகணும்? அப்ப திருடினது வேலையில ஆட்டுக்காரனா, பேர்ல ஆட்டுக்காரனா?"

"கூலிக்காரனை எப்படிச் சொன்னா?"

"பின்னால போறான்னா."

"பெட்டி எடுத்தவரை?"

"போறவங்க…" சிர்காவின் வாய் திறந்தபடியே நின்றது. "மரியாதையா சொன்னா!"

"முக்காட்டை வேற இழுத்து விட்டுக்கிட்டா. கூலிக்காரனுக்கு எந்த ஊர்லம்மா முக்காடு போடறாங்க?" இஷென்பாய் காரைத் திரும்பிப் பார்த்தார். ஏற்றிய ஜன்னலுக்குள் வெள்ளைத் தொப்பி அசையாமல் இருந்தது. "சிர்கா, நான் இப்ப மயங்கி விழப் போறேன்."

"நிஜமாவா, நடிப்பா? சொல்லிடுங்க. உங்களைப் பாத்தா வித்தியாசம் தெரியாது."

"கார்ல மருந்துப் பை இருக்கு. அதோட கோகேயைக் கூட்டிட்டு வா. அவர் மருந்தாளுநரா இருந்து மேல வந்தவர்தானே. பையை மட்டும் குடுத்தா வாங்காதே. அப்புறம், போன்ல பதிவு பண்ற பொத்தானை இப்பவே அமுக்கிடு."

*

ஷாயிரின் கூடாரத்துக்குத் திரும்பிப்போய்க் கம்பளித் தரையில் விழுந்ததும்தான் இஷென்பாய்க்குத் தெரிந்தது, இதைப் பல வருஷங்களுக்கு முன்பே செய்திருக்கலாம் என்று. முதுகுக்குக் கீழே அடுக்கடுக்காகக் கம்பளி. அடுப்பின் சூடு. தொட்டிலில் ஒரு மெல்லிய குறட்டை. எழுந்திருக்கும் எண்ணமே வரவில்லை. நாளைக்குக் கமிட்டி கூடி எதையாவது மூடட்டும், எதையாவது திறக்கட்டும்…

"ஐயோ, அதிகாரி போயிட்டாரு போலிருக்கே!" வெளியே சிர்காவின் அலறல் அவரைக் காப்பாற்றியது. "பையைத் தூக்கிப் போட்டா ஆச்சா? எனக்கு ஊசி போடத் தெரியுமா? நாளைக்குக் கமிட்டில கேட்டா, கூட வந்த பெரியவரு கார்லயே உட்கார்ந்திருந்தாருன்னு சொல்லவா?"

கனத்த காலடிகள். வாசல் திரை விலகியது. கோகே தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மண்டியிட்டார். தடித்த விரல்கள் இஷென்பாயின் மணிக்கட்டில் நாடியைத் தேடின.

இஷென்பாய் இமை நுனியால் பார்த்தார்.

தொட்டிலருகே இருந்த ஷாயிர் எழுந்தாள். வாசலோரமாக நகர்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். இரண்டு கைகளையும் முட்டிமேல் வைத்துக் குனிந்தாள். நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். மறுபடியும். புகுந்த வீட்டுப் பெரியவர்களைத் தவிர வேறு யாருக்கும் எந்த மருமகளும் போடாத கும்பிடு அது.

கோகேயின் விரல் நாடியில் இருந்தது. மனம் எங்கோ இருந்தது. வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது.

"பாக்கியமா இரு. புள்ள குட்டியோட நல்லா இரு."

அடுப்பில் சாணி வறட்டி ஒன்று வெடித்தது.

இஷென்பாய் ஒரு கண்ணைத் திறந்தார். "எனக்கா சொன்னீங்க கோகே? எனக்குப் புள்ள குட்டியே இல்லியே."

கோகேயின் கை நெருப்பில் பட்ட மாதிரி விலகியது.

"இந்த மலைக்கே முதல் தடவைன்னீங்க. ஈ காக்கா தெரியாதுன்னீங்க. கும்பிட்டா வாழ்த்தற அளவுக்குத் தெரிஞ்சிருக்கே. உங்க முழுப் பேரு என்ன?"

கோகே தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"'கோ'ல ஆரம்பிக்கும்," என்றாள் வாசலில் நின்ற சிர்கா. "மீதியை நான் ஊகிக்கவா? இவங்க வாயில வர முடியாத பேரு."

"கோய்ச்சுமான்." கோகே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை என்றானதும் மனிதருக்குத் தைரியம் வந்துவிட்டது. மெல்ல எழுந்து, கூடாரத்தின் தலைமாட்டில் பெரியவர்கள் அமரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். "இவ புருஷனோட பெரியப்பா நான். மருமக கும்பிட்டா, வாழ்த்தினேன். அது குத்தமா?"

"வாழ்த்தினது குத்தமில்ல. பீர்தான் குத்தம்."

"பீரா?"

"ஓடையில கிடந்த பாட்டிலுக்கு லேபிள் ஊறிப் போயிருக்கும். தொட்டா கையோட வரும். நீங்க குடுத்ததுல என் நகம்தான் வலிச்சுது. அத்தனை காய்ஞ்சு இருந்துச்சு, ஆனா நெத்தியில வெச்சா மண்டைவலியே ஓடிப்போச்சு. கம்பம் வராத ஏரிக்கரையில அவ்வளவு குளிர் எங்கிருந்து வந்தது? யாரோட கூடாரம் அதெல்லாம்? உங்க மகனோடதா?"

கோகே சிரித்தார். இந்தச் சிரிப்பு இஷென்பாய்க்குப் பழக்கமானது. பல அலுவலகங்களில், பல மேஜைகளுக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்.

"சரி, அங்க ஒரு பெட்டி இருக்கு. நான் வாங்கினது. அதோட நம்பர் தகடு எப்பவோ கழண்டு விழுந்திடுச்சு. இங்க இருந்ததும் அதுவும் ஒண்ணுதான்னு யாரு சொல்லுவா? இவளா?" ஷாயிர் பக்கம் திரும்பினார். "கமிட்டி முன்னால நிறுத்துங்க. என்ன சொல்லுவா? ஆட்டுக்குப் பின்னால போறவங்கம்பா. எழுதிக்குவாங்க, ஆட்டுக்காரன்னு. எங்க வீட்டு மருமக என் பேரைச் சொல்லமாட்டா இஷெகே. அப்படித்தான் வளர்த்திருக்காங்க."

இஷென்பாய் எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் களைப்பு மறுபடி வந்து ஏறிக்கொண்டது. வழக்கம்போலக் கண்டுபிடித்தாகிவிட்டது. வழக்கம்போல அதோடு சரி. நாளைக்கு நிலையம் மூடும். ஸெய்னெப் அந்தச் சதுரத்தைப் பெருக்கிவிட்டுக் கீழே இறங்குவாள்.

"ரிப்பேருக்குன்னு சொன்னீங்களே," என்றது ஒரு சின்னக் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். ஷாயிர் தொட்டிலின் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டி பழுதாயிடுச்சு, சரிபண்ணிக் கொண்டாறேன்னு சொன்னீங்க. ஸெய்னெப் அக்கா மருந்து எடுக்கக் கீழ போயிருந்தாங்க. நான்தானே ஒரு பக்கம் பிடிச்சு வண்டியில ஏத்திவிட்டேன்? கேட்டவங்ககிட்ட, நீங்க எடுத்துட்டுப் போனீங்கன்னுதான் சொன்னேன். திருட்டுன்னு நினைக்கவேயில்லை." குரல் ஒரு கணம் தடுக்கியது. "அதுல பீரா வெச்சிருக்கீங்க?"

"ஷாயிர், பெரியவங்க பேசும்போது…"

"இவனுக்கு இன்னும் ஊசி போடல."

குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு புரண்டது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். முக்காட்டை நெற்றியிலிருந்து பின்னுக்குத் தள்ளினாள்.

"கோய்ச்சுங்க யாரும் எடுக்கல," என்றாள். அந்த வார்த்தை அவள் வாய்க்குப் புதிது. உதடு தடுமாறியது. "எடுத்தது கோய்ச்சுமான். எங்க பெரிய மாமனார் கோய்ச்சுமான்."

கோகேயின் முகம் வெளிறியது. அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

இஷென்பாய் தொண்டையைச் செருமினார். "அம்மா, இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமா…"

"ஒரு தடவைதான்," என்றாள் ஷாயிர்.

வாசலில் சிர்கா போனைத் தூக்கிக் காட்டினாள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "போதும்க்கா. பிடிச்சாச்சு." அவள் குரலில் முதல் தடவையாக நக்கல் இல்லை.

ஷாயிர் ஒரு கிண்ணத்தை எடுத்தாள். குமிஸ் ஊற்றினாள். வீட்டுக்கு வந்த பெரியவருக்கு ஊற்றாமல் இருக்க முடியாது. இரண்டு கைகளாலும் கோகேயிடம் நீட்டினாள். குனியவில்லை. அவர் வாங்காததால், கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தொட்டிலுக்குத் திரும்பினாள்.

இஷென்பாய் அந்தக் கம்பளித் தரையை ஒரு முறை ஆசையாகத் தடவினார். பிறகு முட்டியில் கையூன்றி எழுந்தார்.

"கிளம்பு சிர்கா. இருட்டறதுக்குள்ள பெட்டி மேல வந்தாகணும்."

"ஏரிக்கரைக்கா அண்ணே? உள்ளே இருக்கற பீரை என்ன பண்றது?"

"ஓடையில போடு," என்றார் இஷென்பாய். "லேபிள் எல்லாம் ஊறட்டும்."